அந்த வாக்கியத்தை முதலில் சொன்னவர்

பிரிட்ஜ் மெக்கானிக் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது அவருக்கு முன்னால் நாற்பத்தாறு பேர் நின்றிருந்தார்கள். இடம், சுகாதாரத் துறையின் இடமாறுதல் பிரிவு, ஒன்பதாம் எண் அறைக்கு வெளியே உள்ள நடைவழி. நாள், மாதத்தின் முதல் செவ்வாய். நேரம், காலை பதினொன்று நாற்பது. இவையெல்லாம் பின்னால் அச்சில் ஏறப்போகும் விவரங்கள் என்று அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பார்.

புதிதாக அவர் ஒன்றும் சொல்லிவிடவில்லை. பின்னால் நின்றவர், "எத்தனை நாளா அலையறீங்க?" என்று கேட்டார். "நாலு வருஷம் ரெண்டு மாசம்" என்றார் மெக்கானிக். கேட்டவர் உச்சுக்கொட்டினார். ஒருவர் நமக்காக உச்சுக்கொட்டும்போது நாமும் பதிலுக்கு ஏதாவது சொல்வதுதானே முறை? மெக்கானிக் சொன்னார்:

"மேலிடத்துல ஆள் இருந்தா ஒரே நாள்ல மாறுதல் கிடைச்சிடும்."

அந்த நடைவழியில் ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது சொல்லப்படுகிற வாக்கியம் அது. அதைச் சொல்லிவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். தலை உயரத்தில் சுவர் நெடுக எண்ணெய்ப் பிசுக்கு வரிசையாகப் படிந்திருந்தது. ஆனால் அன்று தூணோரமாக நின்றிருந்த ஓர் அம்மாள், கைப்பையிலிருந்து நீல நிறச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதைம்மா?"

"இப்ப சொன்னீங்களே, அதை."

மெக்கானிக் தயக்கத்தோடு திரும்பச் சொன்னார். அந்த அம்மாள் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டு, பெயர், தொழில், முகவரி எல்லாம் கேட்டார்.

"மக்கள்தொகைக் கணக்கெடுப்பா?"

"இல்லை, அகராதி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மெக்கானிக்கின் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவள் வேலை பார்க்கும் ஊருக்கு பஸ்ஸில் பதினோரு மணி நேரம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். வந்த அலுப்புத் தீருவதற்குள் திரும்பக் கிளம்ப வேண்டும். மகளுக்கு ஆறு வயது. பள்ளியில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னார்கள். அவள் அப்பாவை வரைந்தாள், தன்னை வரைந்தாள், பக்கத்தில் சார்ஜரில் செருகிய ஒரு செல்போனை வரைந்து அதற்குக் கம்மலும் மாட்டிவிட்டாள். டீச்சர் அதற்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார்.

உள்ளூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வுபெறுகிறார். மாறுதல் கேட்டவர்களின் பட்டியலில் மனைவியின் பெயர் முதலாவதாக இருந்தது. அந்த இடம் கைநழுவினால் அடுத்த ஆள் ஓய்வுபெற எட்டு வருஷம் ஆகும். இதை மெக்கானிக் விசாரித்து விசாரித்து விரல்நுனியில் வைத்திருந்தார். மாதாமாதம் முதல் செவ்வாயன்று கடையைப் பூட்டிவிட்டு வரிசையில் வந்து நிற்பதற்கும் அதுதான் காரணம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது சொல்வழக்கு மன்றம். 'தாங்கள் கூறிய சொல்வழக்கின் பொருளையும் பிறப்பையும் உறுதிசெய்யும் பொருட்டு நேரில் ஆஜராகவும். தவறினால் மேற்படி சொல்வழக்கு இல்லை எனக் கருதப்படும்.'

மெக்கானிக் கடிதத்தைக் கீழ்வீட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மச்சானிடம் கொண்டுபோய்க் காட்டினார். மச்சான், மனைவியின் அண்ணன். ஊரில் உள்ள அரசாங்கக் கடிதங்களை எல்லாம் நகலெடுத்து நகலெடுத்து, எந்தக் கடிதம் கடிக்கும், எந்தக் கடிதம் குரைக்கும் என்று தெரிந்தவர்.

"இது ஒண்ணும் பண்ணாது மாப்ள. போயிட்டு வாங்க."

"நான் ஏதோ வாய்தவறிச் சொன்னேன்..."

"அரசாங்கக் கட்டடத்துல உங்களை நாற்காலி போட்டு உட்கார வெச்சுக் கேள்வி கேக்கப் போறாங்க. நாலு வருஷத்துல ஒருத்தன் உங்களை உட்காரச் சொல்லியிருக்கானா? போங்க. ஒரு ஆளையாவது தெரிஞ்சு வெச்சுக்கிட்டு வாங்க."

சொல்வழக்கு மன்றம் நாற்பத்திரண்டு வருஷமாகப் பேரகராதி ஒன்றைத் தொகுத்து வருகிறது. இப்போதுதான் 'மே' வரைக்கும் வந்திருக்கிறது. மக்கள் பேசுவதைக் கேட்டு எழுதுவதற்கென்று இருபத்தாறு பேரை நியமித்திருக்கிறார்கள். அவர்கள் மன்றத்தின் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவர் பேசுவதை மற்றவர் எழுதிக்கொள்கிறார்கள். அதனால் அகராதியில் டீயைப் பற்றி மட்டும் நாற்பத்தொரு சொல்வழக்குகள் சேர்ந்துவிட்டன.

நீலச் சீட்டு அம்மாள் மட்டும் வெளியே போகிறவர். மெக்கானிக் ஆஜராகப் போன அன்று அவர் வாசலில் நின்றிருந்தார்.

"எனக்கு யாரும் சொல்லி வைக்கலை. பரீட்சை எழுதி வந்துட்டேன். அதனால நாற்காலி ஒதுக்கலை" என்றார் அவர். "நிக்கறதுன்னு ஆனப்புறம் வரிசையில நின்னா என்ன?"

மெக்கானிக்கை உள்ளே அழைத்துப் போகும்போது மன்றத்தின் நடைமுறையை அவர் விளக்கினார். மன்றம் பொய்யான உதாரண வாக்கியத்தை அச்சிடாது. அது மன்றத்தின் உயிர்மூச்சு. 'மழை பெய்கிறது' என்று ஒரு வாக்கியம் போட ஏழு மாதம் காத்திருந்து, மழை பெய்ததும் வானிலைத் துறையிடம் சான்றிதழ் வாங்கினார்கள். 'முதியவர் இறந்தார்' என்பதோடு இறப்புச் சான்றிதழின் நகல் இணைக்கப்பட்டிருக்கிறது.

"உண்மையில்லைன்னு தெரிஞ்சா?"

"எதிர்மறையாக்கிப் போட்டுடுவோம். 'பூனை பாலைக் குடித்தது'ன்னு எழுதினோம். பூனையைக் கொண்டுவந்து கிண்ணத்துல பால் ஊத்தி வெச்சா, அது மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு. 'பூனை பாலைக் குடிக்கவில்லை'ன்னு போட்டிருக்கோம். நீங்க பாக்கலாம், 'பூ'வுல இருக்கு."

விசாரணை அறையில் நீள மேஜை. நடுவில் மன்றத் தலைவர், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். தலைவருக்குப் பின்னால் ஒரு சின்ன பிரிட்ஜ் கொர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் காது முதலில் அங்கேதான் போனது. கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே போகப்போகிறது, இன்றோ நாளையோ.

"மேலிடம் என்று தாங்கள் குறிப்பிட்டது எந்த இடம்?" தலைவர் ஆரம்பித்தார்.

"பொதுவா சொன்னேன் சார்."

"ஆள் என்றது?"

"யாரும் இல்லை சார்."

"இல்லாத ஆளைப் பற்றி ஒருவர் ஏன் பேச வேண்டும்?"

"இல்லாததனாலதான் சார் பேசினேன்."

மேஜையில் சலசலப்பு. வலது ஓரத்தில் இருந்த மூத்த உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் முப்பது வருஷமா இங்க இருக்கேன். இப்படி ஒரு வழக்கை இந்தக் காதால கேட்டதில்லை. என்னை இங்க சேர்த்துவிட்டவர் எங்க பெரியப்பா, அப்ப துறைச் செயலாளர். அவர்கூட ஒரு நாளும் இந்த வார்த்தையைச் சொன்னது கிடையாது. 'நாளைலேர்ந்து வேலைக்கு வா'ன்னுதான் சொன்னார்."

"நானும் கேட்டதில்லை" என்றார் அவருக்கு அடுத்திருந்த பெண் உறுப்பினர். "என் பதவிக்கு நூற்றுப் பத்துப் பேர் நேர்காணலுக்கு வந்தாங்க. எனக்கு அன்னிக்குக் காய்ச்சல், நான் போகவே இல்லை. அப்படியும் தகுதி ஜெயிச்சுது. அந்த மாதிரி நாட்டுல இருந்துக்கிட்டு இப்படிப் பேசறவங்களும் இருக்காங்களே!"

தலைவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். ஆழ்ந்து சிந்திப்பவரைப் போல ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். "இங்கே ஓர் அரிய உண்மை புலனாகிறது. ஆள் இருக்கிறவர்கள் யாரும் இந்த வழக்கைப் பயன்படுத்துவதில்லை. இல்லாதவர்களே பயன்படுத்துகிறார்கள். மொழியில் இது விசித்திரம். குறித்துக்கொள்ளுங்கள். பிறப்பு: இவர். பிறப்பிடம்: ஒன்பதாம் அறை நடைவழி."

"சார், இதை நான் கண்டுபிடிக்கலை. எங்க அப்பா சொல்வாரு, எங்க தாத்தா சொல்லியிருப்பாரு, அந்த வரிசையில எல்லாரும் சொல்றாங்க..."

"அவர்கள் சொன்னதற்குச் சீட்டு இருக்கிறதா?"

"இல்லை சார்."

"அப்படியானால் நீங்கள்தான்."

அந்த நேரம் பார்த்து பிரிட்ஜ் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. தலைவரின் முகம் சுண்டிப்போனது. அதற்குள் அவருடைய கண்மருந்தும் ஒட்டுவதற்கான பசையும் இருந்தன. மெக்கானிக் கேட்காமலே பையைத் திறந்தார். ரிலேயைக் கழற்றி, கையில் இருந்த வேறொன்றை மாட்டினார். கால்மணி நேரத்தில் பிரிட்ஜ் பூனை மாதிரி உறுமத் தொடங்கியது.

"அடிக்கடி வந்து போங்கள்" என்றார் தலைவர். நாற்பத்திரண்டு வருஷத்தில் மன்றம் ஒரு குடிமகனிடம் சொன்ன முதல் அன்பான வார்த்தை அது என்று நீலச் சீட்டு அம்மாள் வெளியே வந்து சொன்னார்.

அடுத்த முதல் செவ்வாயன்று மெக்கானிக் வரிசையில் நின்றபோது, ஒன்பதாம் அறைக் கதவு திறந்தது. இடமாறுதல் பிரிவின் கண்காணிப்பாளரே வெளியே வந்து, "மெக்கானிக் சார் யாரு?" என்று கேட்டார். நான்கு வருஷமாக "ஏம்பா, அப்புறம் வா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதவர், கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். டீ வந்தது.

மேஜைமேல் மன்றத்தின் கடிதம் கிடந்தது. 'மேலிடத்தில் ஆள் இருந்தால் ஒரே நாளில் மாறுதல் கிடைத்துவிடும் என்ற வாக்கியம் உண்மையா, பொய்யா என்பதை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.'

"முப்பத்தொரு வருஷ சர்வீஸ் சார் எனக்கு. ஒரு விஷயம் உண்மையான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. இதைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு ரெண்டு தடவை படிச்சேன்."

"என்ன சார் பதில் எழுதினீங்க?"

"பொய்யின்னுதான். 'இப்பிரிவில் மாறுதல்கள் மூப்பு அடிப்படையில் மட்டுமே வழங்கப்படுகின்றன'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "மன்றத் தலைவர் உங்களுக்கு ரொம்ப வேண்டியவரோ?"

"ஐயோ இல்லை சார். ஒரு பிரிட்ஜ் ரிப்பேர் பண்ணிக் குடுத்தேன், அவ்வளவுதான்."

கண்காணிப்பாளர் கண்ணைச் சிமிட்டினார். "வெளியில அப்படித்தான் சொல்லணும். நீங்க விவரமானவர்."

பிறகு ஓர் ஆள் உயர ஃபைல் அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவினார். அடுக்கு ஆடி நின்றது. ஃபைலின் முதல் பக்கத்தில் மனைவியின் போட்டோ, நாலு வயது இளமையாக, மேஜை விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தது. மெக்கானிக்குக் கண் கரித்தது.

"உங்க வீட்டம்மா பேர்தான் சார் முதல்ல இருக்கு. அதுல சந்தேகமே இல்லை. எனக்கு ஒரே ஒரு மனக்குறை. என் மருமகன் படிச்ச பையன், நாலு வருஷமா வீட்டுல சும்மா உட்கார்ந்து என் பொண்ணு உயிரை வாங்கறான். மன்றத்துல சரிபார்ப்பாளர் இடம் ஒண்ணு காலியா இருக்காம். நான் சிபாரிசு கேக்கலை. அவன் தகுதி தலைவர் கண்ணுல படணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா படும்."

மெக்கானிக்கின் வார்த்தை இதுவரை யார் கண்ணிலும் எதையும் பட வைத்ததில்லை. கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அவர் சொன்னால்கூட வாடிக்கையாளர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்பார். ஆனாலும் மன்றத்துக்குப் போனார். பிரிட்ஜின் பின்பக்கக் கம்பிகளில் தூசியைத் துடைத்துக்கொண்டே, தலையைச் சொறிந்துகொண்டே, விஷயத்தை எடுத்தார்.

"சிபாரிசு என்ற சொல்லையே நான் வெறுப்பவன்" என்றார் தலைவர். "அகராதியில் 'சி' தொகுதி வந்தபோது அதை நீக்கச் சொல்லியே சண்டை போட்டிருக்கிறேன்." சற்று நேரம் பேனாவை உருட்டினார். "இடமாறுதல் பிரிவின் கண்காணிப்பாளரா சொன்னீர்கள்?"

"ஆமா சார். நர்ஸுங்க மாறுதல் எல்லாம் அவர்கிட்டதான்."

"வரச் சொல்லுங்கள். தகுதியைப் பற்றிப் பேசலாம்."

சந்திப்பு வேறொரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் நடந்தது. மெக்கானிக்தான் அறிமுகம் செய்துவைத்தார். "சார், இவங்கதான் சார். சார், இவருதான் சார்." அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. பெரியவர்கள் இருவரும் எழுந்து நின்று கைகுலுக்கி, இந்தக் காலத்தில் சிபாரிசு எப்படி நாட்டை அரித்துவிட்டது என்று வருத்தப்பட்டார்கள்.

"என் அறைக்குள்ள சிபாரிசு நுழைஞ்சா நான் எழுந்து வெளியே போயிடுவேன்" என்றார் கண்காணிப்பாளர்.

"நான் எழுந்திருக்கக்கூட மாட்டேன். அதையே வெளியே போகச் சொல்லிவிடுவேன்" என்றார் தலைவர்.

இருவரும் சிரித்தார்கள். பிறகு தலைவர் திரும்பி, "நம்ம மெக்கானிக், இரண்டு டீ சொல்லிவிட்டு வர முடியுமா?" என்றார். நம்ம மெக்கானிக்! அவர் படியிறங்கி ஓடினார்.

டீயோடு திரும்பியபோது நிலைமை வெகுதூரம் முன்னேறியிருந்தது. இரண்டு பேரும் ஒரே கல்லூரி விடுதியில், இரண்டு வருஷ இடைவெளியில், ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் என்று தெரியவந்து, ஒருவர் தோளில் மற்றவர் கைபோட்டிருந்தார்கள். மேஜைமேல் இரண்டு மடித்த காகிதங்கள் இருந்தன. ஆளுக்கொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு மனைவி வழக்கம்போல போன் செய்தாள். அவளுக்கு ஏழு மணிக்கு டூட்டி.

"ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க தெரியுமா" என்றார் மெக்கானிக்.

"அதுல நமக்கென்ன?"

"என்னடி இப்படிக் கேக்கற? நம்மளுக்கு இப்ப மேலிடத்துல ரெண்டு ஆள்."

மறுமுனையில் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர் காதுக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. சிரித்து முடித்ததும், "அப்ப என் ஸ்டவ்வை ரூம்ல கூட இருக்கற பொண்ணுக்குக் குடுத்துடவா? ரொம்ப நாளா கேக்கறா" என்றாள்.

"குடு, குடு. வாளியையும் குடுத்துடு."

மகள் போனைப் பிடுங்கி, "அம்மா, வரும்போது நீ பெரிசா வருவியா?" என்று கேட்டாள். அவள் கேட்டது யாருக்கும் உடனே புரியவில்லை. திரையில் தெரிகிற அளவில்தான் அம்மா இருப்பாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா நேரில் வந்து தங்குகிற இரண்டு நாள் அவள் கணக்கில் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கண்காணிப்பாளரின் மருமகன் சொல்வழக்கு மன்றத்தில் சரிபார்ப்பாளராகச் சேர்ந்தார். அதே நாள் மாலையில், குழந்தைகள் மருத்துவமனையில் காலியாகப்போகும் நர்ஸ் பணியிடத்துக்கு ஆணை வெளியானது. மன்றத் தலைவரின் அக்கா மகள் அந்த இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். காலையில் விண்ணப்பம், மாலையில் ஆணை. ஆணை நகலை எடுக்க மச்சானின் ஜெராக்ஸ் கடைக்குத்தான் யாரோ வந்தார்கள். மச்சான் ஒரு நகல் கூடுதலாக எடுத்து, மேல்வீட்டுக்குக் கொண்டுவந்து மெக்கானிக்கிடம் கொடுத்தார்.

மெக்கானிக் பையைக்கூட எடுக்காமல் ஒன்பதாம் அறைக்கு ஓடினார். கண்காணிப்பாளர் இப்போதும் அவரை உட்காரத்தான் சொன்னார். நன்றி மறக்காதவர்.

"சார், எங்க வீட்டுல பேர்தான் முதல்ல இருந்துச்சு. நீங்களே சொன்னீங்க."

"இப்பவும் முதல்லதான் சார் இருக்கு. அதை யாரும் அசைக்க முடியாது."

"அப்ப இந்த ஆணை?"

"அது நிர்வாகக் காரணம். மூப்புப் பட்டியலுக்கு வெளியில வர்றது. நீங்க கொஞ்சம் பொறுமையா கேளுங்க." நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "மாறுதல் ஆள் வெச்சு நடக்கறதில்லைன்னு நான் மன்றத்துக்கு எழுதிக் குடுத்திருக்கேன். கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்க மன்றத்துக்கு வேண்டியவர்னு இப்ப ஊருக்கே தெரியும். இந்த நேரத்துல உங்க வீட்டம்மாவுக்கு மாறுதல் குடுத்தா என்ன ஆகும்? 'பாரு, மேலிடத்துல ஆள் வெச்சு வாங்கிட்டாரு'ன்னு பேசுவாங்க. நான் எழுதினது பொய்யாயிடும். முப்பத்தொரு வருஷத்துல என்னை ஒரே ஒரு தடவை உண்மையைக் கேட்டிருக்காங்க. அதைப் பொய்யாக்கச் சொல்றீங்களா?"

"தலைவரோட அக்கா மகளுக்குக் குடுத்தா பேச மாட்டாங்களா சார்?"

"அவங்க அந்த மாதிரி வாக்கியம் எதுவும் சொல்லலையே."

மெக்கானிக் எழுந்தார். எந்தப் பக்கம் கதவு என்று ஒரு கணம் தெரியவில்லை. கண்காணிப்பாளர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, "மாதாமாதம் வந்து புதுப்பிச்சுடுங்க. இல்லேன்னா முதல் இடத்துலேர்ந்து பேரை எடுத்துடுவாங்க" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

மாலை ஆறு மணிக்குப் போன் வந்தது. மெக்கானிக் நடந்ததை எல்லாம் மனைவியிடம் சொன்னார்.

"அடுத்த இடம் எப்பங்க காலியாகும்?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாததல்ல.

"எட்டு வருஷம்."

"பாப்பாவுக்கு அப்ப பதினாலு." அவளுக்குப் பின்னால் மருத்துவமனை வராந்தாவில் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. "நீங்க அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சேர்த்து வெக்காம இருந்திருந்தா..."

"ஆமா."

"சரி, விடுங்க. நானும்தான் ஸ்டவ்வைக் குடுத்தேன். பாப்பாகிட்ட போனைக் குடுங்க."

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். புதுச் சட்டை, புதுப் பேனா. சொல்வழக்கு மன்றத்தின் சரிபார்ப்பாளர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். கண்காணிப்பாளரின் மருமகன்தான் அவர். மெக்கானிக் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. மாமனார் சொல்லியிருக்க மாட்டார்.

"என்னோட முதல் ஃபைலே உங்களோடதுதான் சார். ரொம்ப சந்தோஷம்" என்றார். "உங்க வாக்கியத்தை முழுசா விசாரிச்சேன். சம்பந்தப்பட்ட பிரிவு பொய்யின்னு எழுத்துமூலமா சொல்லிட்டாங்க. நானும் யோசிச்சுப் பார்த்தேன். என் அனுபவத்துலயும் அது பொய்தான் சார்."

"உங்க அனுபவமா?"

"நாலு வருஷம் வேலை தேடினேன். எல்லாரும் இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் என்னை பயமுறுத்தினாங்க. நானும் நம்பி, மனசு விட்டுப்போய், ஒரு நாள்..." நிறுத்தினார். அவர் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன. "ஆனா பாருங்க, எனக்கு யாரையும் தெரியாது. இந்த வேலைக்கு ஒரு விண்ணப்பம்கூட நான் போடலை. திடீர்னு வீட்டுக்கே ஆணை வந்துச்சு. தகுதியை எங்கேயோ யாரோ கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க சார். நீங்களும் நம்பிக்கையை விட்டுடாதீங்க."

பொய் பேசுகிறவனாக இருந்தால் மெக்கானிக் நாலு வார்த்தை கேட்டிருப்பார். இந்தப் பையன் மனதார நம்புகிறான். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சரிபார்ப்பாளர் குடித்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார். வாக்கியம் பொய் என்பதால், நடைமுறைப்படி எதிர்மறையாக்கி வேறொன்று போடுகிறார்கள். 'எனக்கு மேலிடத்தில் ஆள் இல்லை.' இது உண்மை என்று முதலில் சொன்னவர் உறுதிமொழி தர வேண்டும்.

"இது உண்மைதானே சார்?"

"உண்மைதான் தம்பி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அச்சுல வந்துட்டா மாத்த முடியாது. ஒருத்தர்கூட இல்லையா?"

"ஒருத்தர்கூட இல்லை."

"இங்கே ஒரு கையெழுத்து. இங்கே ஒண்ணு. ரெண்டு சாட்சி வேணும்."

மச்சான் கீழேயிருந்து வந்து ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது சாட்சிக்கு ஆள் கிடைக்கவில்லை. சரிபார்ப்பாளரே போட்டுக்கொண்டார். எடுத்துக்காட்டு, பொருள், பிறப்பு மூன்றும் பூர்த்தியாகிவிட்டன என்று கைகுலுக்கிவிட்டு, படி இறங்கும்போது மெல்லச் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

அடுத்த முதல் செவ்வாயன்று மெக்கானிக் பெயரைப் புதுப்பிக்க வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஐம்பத்திரண்டு பேர். பிசுக்கு ஏறிய சுவரில் தலையைச் சாய்த்தார். நீலச் சீட்டு அம்மாள் தூணோரம் நின்றிருந்தார். அவருக்கு இன்னும் நாற்காலி ஒதுக்கவில்லை. அடையாளம் கண்டு தலையசைத்தார்.

பின்னால் நின்றவர் புதியவர். கையில் புது ஃபைல், முகத்தில் இன்னும் கொஞ்சம் தெம்பு.

"எத்தனை நாளா சார் அலையறீங்க?"

"நாலு வருஷம் அஞ்சு மாசம்."

உச்சுக்கொட்டினார். "உங்களுக்கு மேலிடத்துல யாரும் ஆள் இல்லையா?"

"இருந்தாங்க. ரெண்டு பேர்."

"அப்புறம்?"

"நான்தான் அவங்களை ஒருத்தருக்கொருத்தர் அறிமுகம் பண்ணி வெச்சேன்."

முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நீலச் சீட்டு அம்மாள் அதற்குள் சீட்டை எடுத்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டார். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது. நல்ல வாக்கியத்தைக் கண்டால் அவருக்கு அப்படி ஆகும்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். அந்த அம்மாள் எழுத்துக் கூட்டி எழுதி முடித்தார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "இது உண்மையா? சரிபார்க்க ஆள் அனுப்பணும்" என்றார்.

"யாரை அனுப்புவீங்க?"

அவர் பேனாவை மூடினார். மன்றத்தில் சரிபார்ப்பாளர் ஒருவர்தான், கண்காணிப்பாளரின் மருமகன்.

"அப்ப பொய்யின்னே எழுதிக்குங்கம்மா" என்றார் மெக்கானிக்.

"பொய்யை நாங்க வெச்சுக்கறதில்லை" என்றார் அந்த அம்மாள். சீட்டை இரண்டாகக் கிழித்தார். அந்த நடைவழியில் குப்பைக்கூடை கிடையாது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கிழித்த துண்டுகளை மெக்கானிக்கின் கையிலேயே கொடுத்துவிட்டுத் தூணுக்குப் போனார். வரிசை ஓர் ஆள் அளவு நகர்ந்தது. மெக்கானிக்கும் நகர்ந்தார்.